பூரணி வாள் எடுத்த வருஷம்

கல்லுமலைத் தேயிலைத் தோட்டத்தில் பூரணியைப் பற்றிப் பேச்செடுத்தால், அவள் வேலைக்குப் பேர் பதிந்த முதல் வாரத்தில் நடந்ததைத்தான் முதலில் சொல்வார்கள். எட்டாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை நிறுத்திவிட்டு அவள் தலையில் கூடையை மாட்டியிருந்தார்கள். தாய் அம்மாக்கண்ணுவுக்கு நெஞ்சு நோய். வீட்டில் கொழுந்தெடுக்க ஒரு ஆள் வேண்டியிருந்தது. கொழுந்து நிறுக்கிற இடத்தில் கணக்கப்பிள்ளை, ஈரம் என்று சொல்லி எல்லாருடைய நிறையிலும் கழித்தார். அன்றைக்குக் கந்தப்பளையில் அபூர்வமாக வெயில் காய்ந்துகொண்டிருந்தது.

"ஐயா, ஈரம் எங்க இருக்குன்னு காட்டுங்க" என்றாள் பூரணி.

அவர் சிரித்தார். அவள் கூடையைத் தூக்கி அவருடைய சப்பாத்துக் காலின்மேல் கவிழ்த்தாள்.

"நீங்களே தடவிப் பாருங்க."

அன்று பின்னேரம் அம்மாக்கண்ணு நெஞ்சைப் பிடித்துக்கொண்டு ஓடிப்போய், கணக்கப்பிள்ளையிடம் கெஞ்சி மகளின் பேரைக் காப்பாற்றினாள். தனக்காகத் தாய் கெஞ்சியதைப் பூரணியால் பொறுக்க முடியவில்லை. தாய் செத்தாள், இவளுக்குக் கல்யாணமும் ஆயிற்று. அந்தக் கோபம் மட்டும் ஆறவில்லை.

அப்படிப்பட்டவளுக்குப் பழனியாண்டியைக் கட்டிவைத்ததை லயத்து வரிசை வீடுகளில் கேலி பேசாதவர்கள் இல்லை. அவன் தேயிலை ஸ்டோரில், கொழுந்து அரைக்கிற மெஷினில் வேலை செய்தான். தோட்டத்து ஐயாமார் யாராவது எதிரே வந்தால் பாதையைவிட்டு இறங்கி ஓரமாக நிற்கிற ஆள். "வுடு புள்ள, அவங்க அப்படித்தான்" என்பது அவனுடைய வாய்ப்பாடு. அதைக் கேட்டாலே பூரணிக்குப் பற்றிக்கொண்டு வரும். ஆனாலும் அவனை அவளுக்குப் பிடிக்கும். விடியற்காலைக் குளிரில் அவளுக்கு வெந்நீர் வைத்துக் கொடுத்துவிட்டுத்தான் அவன் ஸ்டோருக்குப் போவான். பல வருஷம் பிள்ளையில்லை என்று ஊரே பேசியபோதும் அவளை ஒரு சொல் சொன்னதில்லை.

இரண்டாயிரத்து மூன்றாம் வருஷ மழைக்காலத்தில், எட்டாம் நம்பர் மலையில் பூரணி விழுந்தாள். செங்குத்தான மலை அது. மழைத் தண்ணீர் வடிவதற்காகக் குறுக்கே வெட்டியிருந்த கான்களைத் தோட்டம் பல காலமாகத் துப்புரவு செய்யவில்லை. புல் மண்டி மூடிக்கிடந்ததில் எது தரை, எது பள்ளம் என்று தெரியாது. "கானு வெட்டச் சொல்லுங்கய்யா, யாராச்சும் விழுந்து சாகப் போறாங்க" என்று மலைக்குப் பொறுப்பான கண்டாக்கையாவிடம் பூரணியே சொல்லியிருக்கிறாள். சொன்னவளே விழுந்தாள். இடது கால் பள்ளத்துக்குள் போக, நிறைந்த கூடை அவளைப் பின்னுக்கு இழுத்தது. கணுக்கால் முறிந்த சத்தம் அடுத்த நிரையில் நின்றவர்களுக்குக் கேட்டதாம். பெண்கள் நான்கு பேர் சேர்ந்து சாக்கில் போட்டுத் தூக்கிக்கொண்டு வந்தார்கள்.

நுவரெலியா ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு அனுப்பினார்கள். கட்டை வெட்டிப் பார்த்தபோது பாதம் உள்பக்கமாகத் திரும்பியிருந்தது. மெல்ல மெல்லத்தான் சரியாகும், மலை ஏறக்கூடாது என்றார்கள்.

அந்தச் சமயத்தில்தான் அக்கா அழகம்மா லெபனானில் இருந்து வந்தாள். வீட்டு வேலைக்குப் போனவள். சவர்க்காரம், சென்ட், பழைய கம்பளிச் சட்டைகள் எல்லாவற்றையும் பங்கு பிரித்துக் கொடுத்த பிறகு, பையின் அடியில் இருந்து உள்ளங்கை அகலத்தில் ஊதா நிறப் பெட்டி ஒன்றை எடுத்துப் பூரணியின் மடியில் போட்டாள்.

"என்னாக்கா இது, ரேடியோவா?"

"கேமு. அந்த வீட்டுப் பய வெளையாடுனது. புதுசு வாங்கிட்டாங்கன்னு இத குப்பையில போட்டான். நான் எடுத்தேன். குப்பையில கெடந்தத எடுத்ததுக்கு அந்த மேடம் எங் கையில அகப்பையால அடிச்சா."

"அடிச்சாளா? நீ என்னா செஞ்ச?"

"என்னா செய்ய? அடுத்த நாளு திரும்பக் குப்பையில தேடி எடுத்து, துணிக்குள்ள சுருட்டி வச்சுக்கிட்டேன்."

பூரணிக்கு அந்தப் பதில் மிகவும் பிடித்திருந்தது. அக்காவின் மணிக்கட்டில் இருந்த வடுவைத் தடவிப் பார்த்துவிட்டு, அந்தப் பெட்டியை இரண்டு கையாலும் பிடித்தாள்.

இரண்டு சின்ன பெட்டரி போட்டால் அது உயிர் பெறும். உள்ளே ஒரு கதை இருந்தது. அது ஒரு மலைநாடு. உச்சியில் நெருப்புப் பாம்பொன்று வந்து குடியேறிவிட்டது. அதன் சூட்டில் ஆறுகள் வற்றி, அடிவாரத்து ஊர்கள் காய்கின்றன. தோள்வரை முடிவிட்ட, சிவப்புத் துணி போர்த்திய ஒருத்தி வாளை எடுத்துக்கொண்டு புறப்படுகிறாள். வழியில் மூன்று பேர் சேர்கிறார்கள்: காயத்தை ஆற்றத் தெரிந்தவள், கேடயம் தூக்குகிறவன், பூட்டுத் திறக்கிற கள்ளி. காட்டிலும் குகையிலும் ஜந்துக்கள் மறிக்கும். அடித்தால் பலம் கூடும். தோற்றால், கடைசியாகப் பதிந்த இடத்தில் இருந்து மறுபடியும் நடக்க வேண்டும்.

எட்டாம் வகுப்புவரை படித்த இங்கிலீஷை வைத்து எழுத்துக்கூட்டி இதையெல்லாம் விளங்கிக்கொண்டாள். தொடக்கத்திலேயே ஒரு சண்டை வந்தது. பேர் கேட்டது கேம். ஆறு எழுத்துக்குமேல் ஏற்காதாம். இங்கிலீஷில் எழுதினால் அவள் பேரில் ஏழு எழுத்து. "எம் பேரக்கூட முழுசா வைக்க வுட மாட்டானுங்களா" என்று திட்டிவிட்டு ஒரு எழுத்தை விழுங்கிப் 'பூர்ணி' என்று பதிந்தாள். காயம் ஆற்றுகிறவளுக்கு அழகு என்று பேர் வைத்தாள். கள்ளிக்கு அம்மாவின் பேரில் பாதி, கண்ணு. கேடயக்காரனுக்குப் பழனி.

"நான் சண்டக்காரனா?" என்று பழனியாண்டி எட்டிப் பார்த்துச் சிரித்தான்.

"இல்ல. நீங்க முன்னால நின்னு அடி வாங்குற ஆளு. அடிக்கிறது நானு."

சண்டையில் அவளுக்கு நிதானம் கிடையாது. தற்காத்துக்கொள், ஒதுங்கு என்று வரிசையாகக் கேட்டாலும் அடி என்பதைத்தான் அமுக்குவாள். தோற்பாள். பெட்டியைப் படுக்கையில் வீசுவாள். கொஞ்ச நேரத்தில் எடுத்துத் துடைத்து மறுபடியும் தொடங்குவாள். முதல் காட்டிலேயே நாள் கணக்கில் சுற்றி, பச்சைக் கூழ் போலத் துள்ளுகிற ஜந்துக்களை நிரை நிரையாக வெட்டித் தள்ளி, அவை தொட்டால்கூட வலிக்காத அளவுக்குப் பலத்தைக் கூட்டிக்கொண்டுதான் அடுத்த ஊருக்குப் போனாள்.

ஊருக்கு ஊர் சத்திரம் இருந்தது. எவ்வளவு காயத்தோடு போய்ப் படுத்தாலும் எழும்போது உடம்பு புதுசாகிவிடும். முதல் தடவை அதைப் பார்த்தபோது பூரணி தன்னுடைய காலைப் பார்த்தாள். "ஒரு தூக்கத்துல சரியாயிருமாம்! இத எழுதுனவன் ஒரு நாளும் எலும்பு முறிஞ்சு படுத்தவனில்ல" என்று பல்லைக் கடித்தாள்.

அந்தப் பெட்டியில் ஒரு குறை. திரைக்குள் வெளிச்சம் இல்லை. லயத்தின் ஒற்றை அறைக் காம்பிராவின் இருட்டில் ஒன்றும் தெரியாது. அதனால் வெளியே இஸ்தோப்பில், வாசல் திண்ணையில், காலைப் பலகைமேல் நீட்டிக்கொண்டு, பகல் வெளிச்சத்துக்கு முகம் காட்டி உட்கார்ந்துதான் விளையாட முடியும். மலைக்குப் போகிறவர்கள், வருகிறவர்கள், பீலியில் தண்ணீர் பிடிக்கிறவர்கள் எல்லாருக்கும் காட்சி அவள்தான்.

"புள்ள பெத்திருந்தா அதோட வெளையாண்டிருப்பா. இல்ல, அதான் இது" என்று யாரோ சொன்னது காதில் விழுந்தது.

பூரணி தலையைத் தூக்காமலே, "யாரது? முன்னால வந்து சொல்லு. இந்தக் கால வச்சே ஒதைக்கிறேன்" என்றாள். யாரும் முன்னால் வரவில்லை.

தோட்டப் பள்ளிக்கூடத்து குணபூசணி ரீச்சர் மட்டும் நின்று பேசுவார். யாழ்ப்பாணத்தில் இருந்து வந்து விடுதியில் தங்கியிருந்தவர். மத்தியானம் பள்ளிக்கூடம் விட்டுப் போகிற வழியில் பூரணி அவரை மறிப்பாள்.

"ரீச்சர், இந்த வார்த்தைக்கு என்னா அர்த்தம்?"

"உதோ? செத்துப்போனவையைத் திரும்ப எழுப்பிற தண்ணி எண்டு கிடக்கு. ஏன் பூரணி, உந்தச் சின்னத் திரையை நெடுகப் பாத்தால் கண் கெட்டுப்போகும் எல்லே?"

"காலு கெட்டாச்சு. கண்ணையும் பாப்போம் ரீச்சர்."

ரீச்சர் சிரித்துவிட்டுப் போவார். மறுநாள், "அந்தக் குகை கடந்தாச்சோ?" என்று அவராகவே கேட்பார்.

கண்டாக்கையாவும் ஒருநாள் அந்தப் பக்கம் வந்தார். மோட்டார் சைக்கிளை நிறுத்தி, இறங்காமலே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஒடம்பு முடியலேன்னு லீவு போட்டுட்டு வெளையாட்டா நடக்குது?"

"முறிஞ்சது காலுங்கய்யா. வெளையாடுறது கையி."

"கை நல்லாத்தானே இருக்கு? அப்ப கொழுந்தெடுக்கலாம்."

"எடுக்கலாம். தேயிலைய இஸ்தோப்புல கொண்டாந்து நட்டுக் குடுங்க, ஒக்காந்தே எடுக்கிறேன்."

பக்கத்துக் காம்பிராவில் யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கண்டாக்கையாவின் முகம் கறுத்துவிட்டது. அடுத்த வாரமே தோட்டத்து டிஸ்பென்சரியில் இருந்து ஆள் வந்தது. டொக்டரய்யா காலைத் தொட்டும் பார்க்கவில்லை. வேலைக்குப் போகலாம் என்று சொல்லிவிட்டார். எட்டாம் நம்பர் மலைக்கே பேர் போட்டார்கள்.

பூரணி போனாள். போகாமல் இருந்தால் பொய்க்காரி என்பார்களே என்ற வீம்பில், கம்பு ஊன்றிக்கொண்டு கூடையோடு போனாள். பாதி ஏற்றத்திலேயே கால் மடங்கிவிட்டது. தேயிலைச் செடியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். இறங்கவும் முடியவில்லை, ஏறவும் முடியவில்லை. கீழே பாதையில் நின்று கண்டாக்கையா கத்தினார்: "நடிக்காத! ஏறு!" கூடையைக் கழற்றி அவர் நின்ற திசைக்கு உருட்டிவிட்டுத் தவழ்ந்து இறங்கி வந்தாள். பாவாடையெல்லாம் சேறு. கண்ணில் ஒரு சொட்டு வரவில்லை.

அதற்குத்தான் ஆபீசில் விசாரணை வைத்தார்கள். மேசைக்குப் பின்னால் தோட்டத்து மேலதிகாரியான தொரை. பக்கத்தில் கண்டாக்கையா. தொழிற்சங்கத்து ஆள் ஒருவரும் வாங்குப் பலகை நுனியில் உட்கார்ந்திருந்தார். பழனியாண்டியை வாசலில் நிற்கச் சொல்லியிருந்தார்கள். சாட்சிப் பொருளாக அந்தக் கேமையும் கொண்டுவரச் சொல்லியிருந்தார்கள். அது மேசைமேல் கிடந்தது.

தொரைக்குத் தமிழ் கொஞ்சம்தான் வரும். "நீ எங்க விழுந்தது?" என்றார்.

"எட்டாம் நம்பர் மலையில தொரை. கானுக்குள்ள."

"பீலியில வழுக்கி விழுந்தான்னு அன்னைக்கே எழுதியாச்சு தொரை. வேலை நேரத்துல நடந்த விபத்து இல்ல, நட்டஈடும் இல்ல" என்றார் கண்டாக்கையா.

பூரணிக்கு முதலில் விளங்கவில்லை. "பீலியிலயா? எந்த நாயி சொன்னிச்சு?"

"ஒம் புருசன்தான் சொன்னான்."

வாசல் பக்கம் திரும்பினாள். பழனியாண்டி தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். அவள் ஆஸ்பத்திரியில் கிடந்த அன்றே, ஸ்டோர் வேலை போய்விடும் என்று மிரட்டி அவனிடம் அந்தச் சொல்லை வாங்கியிருக்கிறார்கள். இத்தனை மாதமும் பக்கத்தில் படுத்துக்கொண்டு, வெந்நீர் வைத்துக் கொடுத்துக்கொண்டு, அதை வயிற்றுக்குள்ளேயே வைத்திருந்திருக்கிறான்.

சங்கத்து ஆள் தொண்டையைச் செருமினார். "நாங்க என்னா பேசுறது பூரணி? புருசன் ஒன்னு சொல்றான். நீ வெளையாண்டத தோட்டமே பாத்திருக்கு."

தொரை இதற்குள் அந்தப் பெட்டியைக் கையில் எடுத்துவிட்டார். பொத்தானை அமுக்க, இசை வந்தது. பூர்ணி ஒரு குகை வாசலில், மூன்று தலை நாய்க்கு முன்னால் நின்றாள். அவ்வளவு தூரம் வர அவளுக்கு எத்தனையோ நாள் பிடித்திருந்தது. அதை இன்னும் பதியாததால்தான் பெட்டியை அணைக்காமலே கொண்டுவந்திருந்தாள். தொரை தோன்றியதையெல்லாம் அமுக்கினார். கண்ணு விழுந்தாள். அழகு விழுந்தாள். பழனி விழுந்தான். கடைசியில் பூர்ணியும் விழுந்தாள்.

"ஆ, செத்துப் போச்சு!" என்று தொரை சிரித்தார். கண்டாக்கையாவும் சேர்ந்து சிரித்தார். சங்கத்து ஆளும் மெல்லச் சிரித்தார்.

பூரணி எட்டித் தொரையின் கையில் இருந்த பெட்டியைப் பிடுங்கினாள். பிறகு, காலில் சுற்றியிருந்த துணியை உருவிப் போட்டுவிட்டு, ஒரு கையால் மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு, இடது காலைத் தூக்கித் தொரையின் மேசைமேல் வைத்தாள். தேத்தண்ணிக் கோப்பை சாய்ந்து வழிந்தது. வீங்கி, நீலம் பாரித்து, உள்பக்கம் திரும்பிய பாதம் தொரையின் நெஞ்சுக்கு நேராக இருந்தது.

"நல்லாப் பாருங்க தொரை" என்றாள். குரல் உயரவில்லை. "பீலியில வழுக்குன காலு இப்படியா இருக்கும்? பெட்டிக்குள்ள இருக்கவள நீங்க கொன்னீங்க. பரவால்ல. பொத்தான அமுக்குனா எந்திரிச்சு வந்துருவா. எனக்கு எந்தப் பொத்தான அமுக்குவீங்க? கானு வெட்டச் சொல்லி நாயாக் கத்துனேனே, அப்ப எவன் சிரிச்சான்? இப்ப சிரிக்கிறீங்க?"

யாரும் சிரிக்கவில்லை. ஆனால் தொரை எழுந்து நின்று, "வெளிய போ" என்று கத்தினார். மேசைமேல் கால் வைத்த குற்றத்துக்காக அன்றே அவளுடைய பேரை வேலைப் பதிவில் இருந்து வெட்டினார்கள்.

லயத்துக்குத் திரும்பி வருகிற வழியில் பழனியாண்டி கைத்தாங்கலாகப் பிடிக்க வந்தான். "தொடாத" என்றாள். கல்யாணமானதில் இருந்து ஏங்க, வாங்க என்று கூப்பிட்டவள், அன்றைக்குத்தான் முதல்தடவையாக அவனை ஒருமையில் பேசினாள். "நீ தொடாத. நீ எம் பக்கத்துல வராத."

அடுப்பு எரிந்தது. சோறு வெந்தது. அவனுக்கும் சேர்த்துத்தான் சமைத்தாள். பேச்சு மட்டும் இல்லை. பகலெல்லாம் இஸ்தோப்பில் உட்கார்ந்து விளையாடினாள். இனி யார் கேள்வி கேட்க முடியும்? முன்பு பதிந்த இடத்தில் இருந்து தொடங்கி, விட்ட தூரத்தை வெறியோடு பிடித்தாள். மூன்று தலை நாயைக் கொன்றாள். அந்தச் சண்டையில் பழனி மறுபடியும் விழுந்தான். எழுப்புகிற தண்ணீர் கையில் இருந்தும் அவள் அவனுக்குக் கொடுக்கவில்லை. அவன் முகம் இருந்த கட்டத்தில் ஒரு கல்லறைக் கல் வந்து நின்றது. மற்ற இரண்டு பேரையும் கூட்டிக்கொண்டு நடந்தாள்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை பழனியாண்டி இஸ்தோப்பு ஓரத்தில் கொஞ்சம் தள்ளி உட்கார்ந்து, கழுத்தை நீட்டித் திரையைப் பார்த்தான். கல்லறைக் கல்லை வெகுநேரம் பார்த்தான்.

"அது நானா?"

அவள் அடுத்த பொத்தானை அமுக்கினாள்.

"எழுப்புற தண்ணி இருக்குன்னு ரீச்சர் சொல்லிச்சே."

"இருக்கு."

"பொறகு ஏன் புள்ள எழுப்பல?"

பூரணி அப்போதுதான் அவன் முகத்தைப் பார்த்தாள். "கேடயத்தப் புடிக்க வேண்டியவன் அதக் கீழ போட்டுட்டு ஓடுனா, அவன எழுப்பி என்னா செய்ய? நான் மலையில கத்துனது நாலு பொம்பளைக்குக் கேட்டிச்சு. ஒனக்குக் கேக்கல. எங் காலு முறிஞ்சதுக்குக்கூட எனக்கு இவ்ளோ கோவம் வரல. ஒன்னால நான் பொய்க்காரியானேன். அந்த மேசைக்கு முன்னால நான் பொய்க்காரி!"

"வேலை போயிருச்சுன்னா ரெண்டு பேரும் எங்க போறது, காம்பிராவும் போயிருமேன்னு பயந்துட்டேன் புள்ள."

"பயப்படு. சாகுறவரைக்கும் பயப்படு. கல்லுக்கு அடியில கெடந்து பயப்படு."

அவன் எழுந்து போய்விட்டான்.

மறுநாள் காலைப் பெரட்டில், வேலைக்குப் பேர் கூப்பிடுகிற களத்தில், பெண்கள் கூடையும் கையுமாகப் பனிக்குள் நின்றபோது, அங்கே வேலையே இல்லாத பழனியாண்டி வந்து நின்றான். கண்டாக்கையா, "ஒனக்கு ஸ்டோருல இல்லியா வேலை?" என்றார். இந்த முறை அவன் ஓரமாக ஒதுங்கவில்லை.

"எம் பொண்டாட்டி எட்டாம் நம்பர் மலையிலதான் விழுந்தா" என்றான். பிறகு சத்தத்தைக் கூட்டினான். "எல்லாரும் கேட்டுக்கங்க. பீலியில விழுந்தான்னு நான் சொன்னது பொய்யி. இந்தா நிக்கிறாரே, இவரு சொல்லச் சொன்னாரு. நான் சொன்னேன்."

"பொண்டாட்டி அடிச்சாளாடா?" என்று கண்டாக்கையா சிரிக்கப் பார்த்தார்.

அந்தச் சிரிப்புத்தான் அவருக்கு வினையாயிற்று. பூரணியைச் சாக்கில் தூக்கி வந்த பெண்களில் ஒருத்தி வேலாயி. வயதில் மூத்தவள், அதிகம் பேசாதவள். கூடையைக் கழற்றித் தரையில் வைத்தாள். "தூக்கிட்டு வந்தது நாங்கதானுங்கய்யா. எங்ககிட்ட ஒருத்தரும் கேக்கலியே" என்றாள். "கானு வெட்டாம நான் எட்டாம் நம்பருக்கு எறங்க மாட்டேன்." அவளுக்குப் பின்னால் ஒவ்வொரு கூடையாக இறங்கியது.

எட்டாம் நம்பர் மலைக்கு அந்த வாரம் யாரும் போகவில்லை. கொழுந்து முற்றிப்போகும் என்ற பயத்தில் கான் வெட்ட உத்தரவு வந்தது. பழனியாண்டியை ஸ்டோரில் இருந்து எடுத்துவிட்டு, தண்டனையாக அந்தக் கான் வெட்டுக்கே அனுப்பினார்கள். ஆனால் பூரணியின் பேரை வெட்டியது வெட்டியதுதான். மலையில் விழுந்தது உண்மை என்றே வைத்துக்கொண்டாலும், தொரையின் மேசையில் கால் வைத்தது பொய்யில்லையே என்றார்கள்.

வெயிலிலும் மழையிலும் மண்வெட்டி பிடித்து, கை கொப்பளித்து வந்தான் பழனியாண்டி. முதல் நாள் பூரணி ஒரு சட்டி வெந்நீரை அவன் முன்னால் வைத்தாள். அவ்வளவுதான். திரையில் கல்லறைக் கல் அப்படியே இருந்தது.

நெருப்புப் பாம்பின் உச்சிக்கு மூன்று பேராகவே ஏறினாள். அது ஒரு ஊதலில் மூவரையும் கரியாக்கியது. பலம் கூட்டிக்கொண்டு மறுபடியும் ஏறினாள். மறுபடியும் கரி. முன்னால் நின்று நெருப்பைத் தாங்க ஆள் இல்லாமல் அந்தச் சண்டை நடக்காது என்பது அவளுக்குத் தெரிந்துதான் இருந்தது. தெரிந்தும் எத்தனையோ தடவை எரிந்தாள். கடைசியில் ஒருநாள், திட்டிக்கொண்டே அந்தத் தண்ணீரை எடுத்துப் பழனிக்குக் கொடுத்தாள்.

பழனியாண்டி பக்கத்தில்தான் இருந்தான். "எழுப்பிட்டியா?" என்றான்.

"மன்னிச்சுட்டேன்னு நெனைக்காத. நெருப்புக்கு ஒரு ஆளு வேணும்."

"சரி" என்றான் அவன்.

பழனி கேடயத்தை உயர்த்தி நெருப்பைத் தாங்கினான். அழகு ஆற்றினாள். கண்ணு பாம்பின் கண்ணைக் குறிபார்த்தாள். பூர்ணி வெட்டினாள். இந்த முறையும் பூர்ணிக்கு அடி என்பதைத் தவிர அவள் வேறெதையும் அமுக்கவில்லை. பாம்பு சுருண்டு விழுந்தது. மலை பிளந்து ஆறு புறப்பட்டது. பழனியாண்டி வாய்விட்டுக் கத்திவிட்டான். பூரணி மூச்சு வாங்க உட்கார்ந்திருந்தாள்.

அரண்மனையில் ராசா நீளமாகப் பேசினார். அவளுக்கு முழுவதும் விளங்கவில்லை. அந்த வழியாக வந்த குணபூசணி ரீச்சரைக் கூப்பிட்டுக் கையில் கொடுத்தாள். ரீச்சர் கண்ணாடியைச் சரிசெய்துகொண்டு வாசித்தார்.

"வீரனே, என்ரை மகனைப் போலை நீ இந்த நாட்டைக் காப்பாத்தினாய். என்ரை மகளை உனக்குக் கலியாணம் செய்து தாறன்... உப்பிடித்தான் போட்டுக் கிடக்கு."

"மகனா?"

"ஓம். உது ஆம்பிளைப் பிள்ளை பூரணி. தலைமயிர் நீளமாய் விட்டிருக்கிறான்."

பூரணி பெட்டியை வாங்கித் திரையை உற்றுப் பார்த்தாள். நெருப்புக்குள்ளும் குகைக்குள்ளும் இத்தனை மாதம் தானாக நினைத்துக்கொண்டு நடந்தவள், ராசா முன்னால் மண்டியிட்டு நின்றாள். முகம் சிவந்துவிட்டது அவளுக்கு.

"பாம்ப வெட்டுனது நானு. இவனுக்குக் கண்ணு இல்லியா? பொண்ணக் குடுக்கிறானாம், பொண்ணு! எந்தப் பரதேசி எழுதுனான் இத?"

ரீச்சர் சிரித்துச் சிரித்துக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். பூரணி சிரிக்கவில்லை. பெட்டரியைக் கழற்றி எடுத்துவிட்டாள். அழகம்மா மறுபடியும் லெபனானுக்குப் புறப்பட்டபோது அந்தப் பெட்டியை அவள் மகளுக்குக் கொடுத்துவிட்டாள். "வெளையாடு. ஆனா கடைசியில ராசா பேசுறத மட்டும் கேக்காத" என்று சொல்லித்தான் கொடுத்தாள்.

அடுத்த வருஷம் கந்தப்பளை டவுனில் ஒரு மரக்கறி மொத்த வியாபாரியின் கொட்டிலில் வேலை கேட்டுப் போனாள். லீக்ஸ் வேர் வெட்டிக் கட்டுக் கட்டுகிற வேலை. உட்கார்ந்தே செய்யலாம். அங்கேயும் அவளுடைய வாயை எல்லாரும் சீக்கிரமே தெரிந்துகொண்டார்கள். பெண்கள் போக ஒரு கக்கூஸ் இல்லை என்று அவள் போட்ட சண்டையில், முதலாளி பின்பக்கம் தகரம் அடித்து ஒன்று கட்டிக் கொடுத்தார். பழனியாண்டி தோட்ட வேலையிலேயே இருந்தான். அவளை அவன் எப்போதும்போலப் புள்ள என்றே கூப்பிட்டான். அவளும் பதில் சொன்னாள். ஆனால் ஏங்க என்று அவள் அவனைத் திரும்பக் கூப்பிட்டதை யாரும் கேட்டதில்லை.

இரண்டாயிரத்து எட்டில், தோட்டத்தில் கொழுந்தெடுக்க ஆள் கிடைக்காமல் போனது. இளம்பிள்ளைகள் எல்லாம் கொழும்புக்குப் போய்விட்டார்கள். புதிதாக வந்த கண்டாக்கு, நல்ல மரியாதையான இளைஞன், கொட்டிலுக்கே தேடி வந்தான்.

"பூரணியக்கா, பழசெல்லாம் விட்டுருங்க. ஏத்தம் இல்லாத மலையா, கஷ்டமில்லாத எடத்துல பேர் போடுறோம். வாங்க."

பூரணி கத்தியை நிறுத்தாமல் கேட்டாள். "எம் பேர வெட்டுனது தப்புன்னு பெரட்டுல வச்சு, எல்லாருக்கும் கேக்கச் சொல்லுவீங்களா தம்பி?"

"அது... தொரையத்தான் கேக்கணும்."

"கேட்டுட்டு வாங்க."

அவன் திரும்பி வரவில்லை. அன்றைக்கு அவன் போன கையோடு லொறிக்காரன் வாசலில் ஹோர்ன் அடித்தான். பூரணி கடைசிக் கட்டை இறுக்கி முடிந்து, லொறி ஏற்றுகிறவனிடம் எறிந்தாள். "பாத்து ஏத்து, நசுக்காத" என்று அவனையும் ஒரு திட்டுத் திட்டினாள்.